குரலால் நிமிர்ந்தவர்: கானி பாஸ்வெல்

பெண்கள் மூவர் ஒன்றிணைந்து ஜாஸ் பாடும் முறைக்கு அமெரிக்காவில் வழிவகுத்தோருள் பாஸ்வெல் சகோதரியர் முதன்மையானவர். அம்மூவருள் தலைமைப் பாடகியாய் விளங்கியவர் கானி பாஸ்வெல் ஆவார்.

1907 டிசம்பர் 3 அன்று பிறந்த கானி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்ந்தார். மழலைப் பருவத்திலேயே அவருடைய கால்கள் நடக்கும் ஆற்றலை இழந்தன. இல்லத்தில் இசைக்குக் குறைவில்லை. மூத்தவர் மார்த்தா பியானோவும், கானி செல்லோவும், இளையவர் வெட் வயலினும் பயின்றனர். அவர்கள் முறையாகக் கற்றது ஐரோப்பியச் செவ்விசை. செவியால் கற்றதோ அந்நகரத்துக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை. இவ்விரண்டும் கலந்ததே அவர்தம் தனிநடை.

1925இல் அவர்களது முதல் இசைத்தட்டு பதிவாயிற்று. 1931 முதல் நியூயார்க்கில் பிரன்சுவிக் நிறுவனத்திற்காகப் பாடிப் பெரும்புகழ் எய்தினர். பாடலின் இடையிலேயே தாளநடையை மாற்றுவர், சுருதியை மாற்றுவர், தெரிந்த மெட்டைத் தெரியாத வடிவில் மீட்டுத் தருவர். மேடையில் கானி அமர்ந்தே பாடினார். திரை விலகும் முன்னரே அவர் தம் இடத்தில் அமர்த்தப்பட்டிருப்பார். பிற்காலத்தில் அகன்ற நீளுடை சக்கர நாற்காலியை மறைத்தது. இரக்கத்தால் வரும் கைத்தட்டலை அவர் விரும்பவில்லை. பாட்டுக்குரிய மதிப்பையே வேண்டினார்.

அம்மதிப்பு கிட்டியதற்குச் சான்று ஒன்றுண்டு. இசைத்தட்டின் வழியே கானியின் குரலைக் கேட்டு, அதையே தம் பாடமாகக் கொண்டாள் ஒரு கறுப்பினச் சிறுமி. 1934இல் ஹார்லெம் நகர்ப்பகுதியின் அப்பல்லோ அரங்கப் போட்டியில் கானியின் பாணியில் பாடிப் பரிசும் வென்றாள். பின்னாளில் உலகம் போற்றிய எல்லா ஃபிட்ஜெரால்டு அவரே. தம் முன்னோடி கானியே என்பதை அவர் என்றும் மறைத்ததில்லை. கறுப்பின மக்களுக்குப் பல அரங்குகளின் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. அவர்களிடம் பெற்ற இசையை வெள்ளையினப் பெண்ணான கானி வளர்த்தார். அது அவர்தம் மகளொருத்தியின் குரலிலேயே தாய்வீடு திரும்பிற்று.

சகோதரியர் இல்லறம் ஏற்றதால் 1936இல் குழு கலைந்தது. கானி தனித்துத் தொடர்ந்தார். 1937இல் பிங் கிராஸ்பியுடன் இணைந்து பாடினார். இரண்டாம் உலகப் போரின்போது கடல்கடந்து படைவீரர்முன் பாட விழைந்தார். உடல்நிலை காரணமாக இசைவு மறுக்கப்பட்டது. எனினும் தாய்நாட்டிலேயே வீரர்களுக்காகப் பாடினார். 1976 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் மறைந்தார்.

கால்கள் செல்லாத இடத்திற்கும் கலை சென்று சேரும். கானியின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. அவர் வகுத்த நெறியில் பாடுவோரோ பலர். ஒரு கலைஞருக்கு இதனினும் நிலையான வாழ்வு வேறில்லை.