யாழைத் தேடிய துறவி

லிங்கநகரிலிருந்து பட்டினத்துக்குச் செல்லுங்கால் கோணேஸ்வர இந்துக் கல்லூரியைக் காணும்தோறும் எனக்கு விபுலானந்த அடிகளின் நினைவு எழுவதுண்டு. இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் அக்கல்லூரி இருந்த காலத்தில் அடிகள் அதன் அதிபராக விளங்கினார்.

1892-இல் காரைதீவில் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1924-இல் துறவு பூண்டார். பின்னர் அண்ணாமலையிலும் இலங்கையிலும் தமிழ்ப் பேராசிரியரானார். பதவிகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. அவர் தேடிய பொருளே பெரிது.

பழந்தமிழர் யாழை அவர் காலத்தில் கண்டாரும் இல்லை, கேட்டாரும் இல்லை. மரம் மக்கிற்று, நரம்பு அற்றது, ஓசையைப் பிடித்து வைக்க அக்காலத்தில் கருவியும் இல்லை. எஞ்சியவையோ இடந்தோறும் சிதறிக் கிடந்தன. கருவியின் உறுப்புகள் ஆற்றுப்படை நூல்களில். இசையிலக்கணம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும். வடிவம் பழஞ் சிற்பங்களில். பண்களின் பெயர்கள் தேவாரத்தில். புலவர் சிற்பத்தை நோக்கார். ஓதுவார் கணிதம் அறியார். இவற்றை ஒருங்கு வைத்து, நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டுக் கண்டவர் அடிகள். விஞ்ஞானமும் தமிழும் ஒரே தலையில் குடியிருந்தமையால் கைகூடிய காரியம் அது!

ஏறக்குறைய 14 ஆண்டு உழைப்பில் விளைந்த யாழ் நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. நோயால் தளர்ந்த உடலோடு அடிகள் அங்கே வீற்றிருக்க, அவருடைய ஆராய்ச்சியின்படி செய்த யாழ்கள் இசைக்கப்பட்டன. அடுத்த திங்கள் 19-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று நமக்கு வாய்த்த நிலை வேறு. ஓசை இருக்கிறது, உறவுதான் அறுந்து கிடக்கிறது. அண்மையில் என் தமக்கையார் வீட்டுப் பெட்டியில் பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தது. முதியவர் ஒருவர் சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தைப் பாடுகிறார். பாடியவர் யார், எக்கோயிலில், எந்த ஆண்டில் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. புறநீர்மை என்னும் பண்ணின் பெயர் அதன் தலைப்பில் இருக்கிறது. அப்பண்ணின் ஆராய்ச்சிக்கு யாழ் நூலின் தேவாரவியல் இருக்கிறது. கோயில் விழாப் படங்கள் வேறு யார் வீட்டு அலமாரியிலோ உள்ளன. ஒலிக் காப்பகம் நாடாவுக்கு ஓர் எண் இடும். நூலகம் புத்தகத்துக்கு வேறோர் எண் இடும். ஓரெண்ணின் அருகே மற்றதைக் குறிக்காவிடில், தேடி வருபவர் அடிகளைப் போல் மீண்டும் 14 ஆண்டு அலைய நேரும்.

தமக்கையாரிடம் கேட்டேன். பாடியவர் அண்டை வீட்டுப் பெரியவராக இருக்கலாம் என்றார்; பெயர் நினைவில்லை. அவர் தெருவில் இன்னும் இரண்டு முதியோர் இருக்கின்றனர். வரும் வெள்ளிக்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிறேன்.