இருமுறை துறந்த செல்வம்

பிப்ரவரித் திங்களில் ஓரியூருக்குத் திருயாத்திரை சென்று, அங்குள்ள செம்மணலைப் பக்தியோடு முடிந்துகொண்டு வரும் பழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. அம்மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் மரணத்தைப் பற்றி நாம் சிறு வயது முதல் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தோம். அவர் எதை விட்டுவிட்டு நம் நாட்டுக்கு வந்தார் என்பதை அவ்வளவாகக் கேட்டதில்லை. ஆகவே இந்த ஜூபிலி மலரில் அதையே சற்று விரித்துக் கூற விழைகிறோம்.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகராம் லிஸ்பனில் 1647-ம் ஆண்டு மார்ச் 1-ம் நாள் உயர்குடியொன்றில் பிறந்தார் ஜான் தெ பிரிட்டோ. தந்தையார் பிரேசிலில் ரியோ தெ ஜெனிரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். கைம்பெண்ணான தாய் பெயாத்ரிஸ் அம்மையார் பிள்ளைகளை வளர்த்தார். ஜான் அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்ந்தார். ஏறக்குறைய அவர் வயதினரான இளவரசர் பேதுரு அவருடைய விளையாட்டுத் தோழர். பின்னாளில் அரசராகப் போகிறவரின் நட்பு என்றால், பதவியும் நிலபுலன்களும் தேடி வந்து வாசலில் நிற்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலையில் சிறுவன் கடும் நோயில் விழுந்தான். மருத்துவர்கள் கைவிட்டனர். தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்: மகன் பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அணியச் செய்வதாகப் பொருத்தனை. மகன் பிழைத்தான். அரண்மனை முழுவதும் அவனைச் சின்ன அப்போஸ்தலர் என்று அழைத்தது. ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றியாயிற்று. ஆனால் மனம் அதைக் கழற்றவில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பரில், பதினைந்தாம் வயதில், சேசு சபையின் நவசந்நியாசத்தில் நுழைந்தார். 1673-ல் குருப்பட்டம் பெற்று இந்தியாவுக்குப் புறப்பட்டபோது தாய் தாங்கவில்லை. போப்பாண்டவரின் தூதர் வரை சென்று தடுக்க முயன்றார். இதற்காக அந்த அம்மையாரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பொருத்தனை செய்வது ஒன்று. கேட்டபோது பிள்ளையைக் கொடுப்பது வேறொன்று. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் தாய்மார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புரியும்.

மதுரை மறைத்தளத்தில் அவர் பண்டாரசாமியானார். காவி உடை, தலைப்பாகை, கையில் கோல். இறைச்சியும் மதுவும் தொடவில்லை. வெயிலிலும் வெள்ளத்திலும் ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டு, நீரில் அமிழ்த்தப்பட்டும், சாட்டையால் அடிக்கப்பட்டும், கொதிக்கும் பாறைமேல் கிடத்தி மிதிக்கப்பட்டும் துன்புற்றார். இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர் அவரை விசாரித்து, இனித் தம் நாட்டில் போதிக்கலாகாது என்று கூறி விடுவித்தார்.

அதன் பின்னர் நடந்ததையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். மறைத்தளத்தின் நிலையை எடுத்துரைக்கச் சபை மேலாளர்கள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688-ல் லிஸ்பனில் வந்து இறங்கினார். விளையாட்டுத் தோழர் பேதுரு இப்போது அரசர். மாநகரே திரண்டு வரவேற்றது. அங்கும் அவர் தரையில்தான் படுத்தார். மரக்கறி உணவையே உண்டார். அரசர் அவரைத் திருப்பி அனுப்ப மனமின்றி, நாட்டிலேயே தங்கித் தம் மகனுக்கு ஆசானாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். தாயும் உயிரோடிருந்தார்.

பதினைந்து வயதில் செல்வத்தை விடுவது ஒருவகையில் எளிது. அப்போது அதன் ருசி தெரியாது, வறுமையின் வலியும் தெரியாது. நாற்பத்தொரு வயதில், உடலெங்கும் அடிபட்ட தழும்புகளோடு, களைத்துப்போன காலத்தில், பழைய நண்பனே அழைக்கும்போது என்ன செய்வது? அதுவும் பாவமான அழைப்பன்று. ஓர் இளவரசனை நல்வழியில் வளர்க்கும் மேலான பணி. தங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். நம்முடைய ஓவியர்கள் வெட்டரிவாளின் முன் மண்டியிட்ட அருளானந்தரையே வரைகிறார்கள். அரண்மனையில் அரசருக்கு மறுப்புச் சொல்லி நிற்கும் அருளானந்தரையும் யாராவது வரைய வேண்டும் என்பது எங்கள் ஆசை. 1690-ல் மீண்டும் கப்பல் ஏறினார்.

மறவர் சீமைக்கே திரும்பினார். நோயிலிருந்து குணமடைந்த தடியத்தேவர் என்னும் குறுநிலத் தலைவர் 1693 ஜனவரியில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியோடு வாழ வேண்டுமென்ற விதியை ஏற்று மற்ற மனைவியரை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அதிலிருந்து மூண்டது நெருப்பு. ஜனவரி 8-ம் நாள் கைது செய்யப்பட்டு, முடிவில் ஓரியூருக்குக் கொண்டு செல்லப்பட்டார். சிறையில் எழுத மையில்லை. கரியைக் குழைத்து ஒரு குச்சியால் தம் கடைசிக் கடிதங்களை எழுதினார். பிப்ரவரி 4, விபூதிப் புதனன்று தலை வெட்டப்பட்டார். 1853-ல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22-ல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பேதுரு அரசர் நன்றி வழிபாடு நடத்த ஆணையிட்டார். மகனைத் தடுக்கத் தூதர் வரை ஓடிய அந்தத் தாய் கோவிலுக்கு வந்தார். துக்க உடையில் அல்ல. திருவிழாவுக்கு உடுத்தும் பட்டுடுத்தி வந்தார்.