44 வயதில் பத்திரிகையாசிரியரான வழக்கறிஞர்: அறிஞர் சித்தி லெப்பை

கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரியைத் தெரியாத முஸ்லிம் குடும்பம் இலங்கையில் இருக்காது. தமிழகத்திலும் பலருக்கு அந்தப் பெயர் பழக்கம்தான். ஆனால் அதற்கு வித்திட்டவர் ஓர் ஆலிமோ ஆசிரியரோ அல்லர், கண்டி நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்த ஒரு புரொக்டர். அதிலும், அதற்கு முன் அவர் நடத்திய ஒரு பாடசாலை நிலைக்காமல் போயிருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838 ஜூன் 11 அன்று கண்டியில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் அளுத்கமை. தந்தை முஹம்மது லெப்பை, இலங்கை முஸ்லிம்களில் முதலாவது புரொக்டராக 1833இல் நியமனம் பெற்றவர். கடை, வியாபாரம் என்றே பெரும்பாலும் வாழ்ந்துவந்த சோனகச் சமூகத்தில், ஆங்கிலம் புழங்கும் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தது அவருக்கு வாய்த்த நற்பேறு. தமிழும் அரபும் ஆங்கிலமும் கற்றார். 1862இல் மாவட்ட நீதிமன்றப் புரொக்டரானார், இரண்டு ஆண்டுகளில் உயர்நீதிமன்றத்திலும் அனுமதி பெற்றார். கண்டி மாநகரசபையில் உறுப்பினராக இருந்தார், மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் கடமையாற்றினார்.

நல்ல வருமானம், ஊரில் மரியாதை. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் இதற்குமேல் எதையும் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை.

அவர் தேடிப்போனார். காரணம் அவர் கண்முன்னால் நடந்துகொண்டிருந்த மாற்றம். ஆங்கிலேய ஆட்சியில் கச்சேரி, நீதிமன்றம், ரயில்வே, துறைமுகம் எல்லாமே ஆங்கிலத்துக்கும் எழுத்து வேலைக்கும் மாறிவிட்டன. அந்த ஆங்கிலத்தைக் கற்றுத்தந்தவை பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகள். பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை இன்று அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மதமாற்றம் அன்று வெறும் கற்பனையல்ல. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளைத் தொடங்கியதும், 1880இல் வந்த கர்னல் ஒல்கொட் பௌத்த பாடசாலைகளுக்காக ஊர் ஊராகச் சென்றதும் இதே காரணத்தால்தான். சைவர்களும் பௌத்தர்களும் அந்த அச்சத்துக்கு விடையாகத் தமக்கெனப் பாடசாலை கட்டினார்கள். நம்மவர்களோ பிள்ளையை வீட்டிலும் கடையிலும் நிறுத்திக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்றதும் கல்லாப்பெட்டி.

சித்தி லெப்பை முதலில் கையிலெடுத்தது பாடசாலையை அல்ல, பத்திரிகையை. 1882 டிசம்பர் 21 அன்று 'முஸ்லிம் நேசன்' வார இதழ் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 44. வழக்குரைஞர் தொழிலுக்கு முற்றிலும் புதிதான வேலை இது: அச்சுக்கூடம், எழுத்துக்கோப்பு, தபால், சந்தா.

எந்த எழுத்தில் அச்சிடுவது என்பதே அன்று ஒரு கேள்வியாக இருந்தது. நம் பாட்டிமார்களின் பழைய கிதாபுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வீட்டுப் பெண்களும் முதியவர்களும் பலர் தமிழ் எழுத்து அறியாதவர்கள். ஆனால் அரபுத்தமிழ் வாசிப்பார்கள். ட, ண, ள, ழ போன்ற அரபில் இல்லாத ஒலிகளுக்கு அரபெழுத்திலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி எழுதும் முறை அது. தமிழெழுத்தை மட்டும் நம்பினால் பாதி வீடு வெளியே நின்றுவிடும். அரபுத்தமிழை மட்டும் நம்பினால் வெளியுலகம் வெளியே நின்றுவிடும். 'முஸ்லிம் நேசன்' தமிழ்ப் பத்திரிகையாக நடந்தது, அரபுத்தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. மூத்தவர்களை விட்டுவிட்டு இளையவர்களிடம் மட்டும் பேச அவர் நினைக்கவில்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் அந்த மூத்தவர்கள்தானே.

பத்திரிகை தென்னிந்தியாவுக்கும் சிங்கப்பூர், பினாங்கு வரைக்கும் சென்றது. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் கப்பலேறிய இடமெல்லாம் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள்.

பத்திரிகை தொடங்கி மூன்றே வாரத்தில், 1883 ஜனவரியில், எகிப்தின் அஹ்மத் உராபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். தெல் அல்கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்று, தோழர்களோடு நாடுகடத்தப்பட்டு வந்தவர். சித்தி லெப்பை அவரோடு நெருங்கிய நட்புக் கொண்டார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஒரு முஸ்லிம் தளபதியே ஆங்கிலம் கற்க வேண்டும் என்று சொன்னபோது, அது மார்க்கத்துக்கு விரோதம் என்று வாதிட்டவர்களின் குரல் கொஞ்சம் தணிந்தது. உராபி பாஷா தாமே இலங்கையில் ஆங்கிலம் கற்றார்.

1884இல் கொழும்பு புதுச்சோனகத் தெருவில் முதல் பாடசாலை திறக்கப்பட்டது. ஆதரவு போதவில்லை. சில ஆண்டுகளில் அது மங்கிப்போனது. பத்திரிகையில் எழுதியவற்றை வாசித்துப் பாராட்டியவர்களே பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள் என்றால் அது எவ்வளவு வலித்திருக்கும்! ஐம்பது வயதை நெருங்கிய அவர் மீண்டும் வழக்குக் கட்டுகளிடம் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதினார். 1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. எகிப்தில் பிறந்து, கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒரு இளைஞனின் கதை. அந்த இளைஞன் கல்வியால் முன்னுக்கு வருகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்களுக்குப் பாடநூல்களும் அரபு இலக்கணமும் எழுதினார். 1891இல் கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடசாலை தொடங்கினார். ஆண்பிள்ளைகளையே அனுப்பத் தயங்கிய காலம் அது. வெளியாள் ஒருவரைத் தேடாமல், தம் சகோதரி முத்து நாச்சியாவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். என் பார்வையில், அவர் எடுத்த முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான்.

கொழும்பில் இரண்டாம் முயற்சிக்குத் துணை நின்றவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய கட்டிட ஒப்பந்தக்காரர், அப்போது அறுபதைக் கடந்தவர். எழுதத் தெரிந்தவருக்குக் கட்டத் தெரிந்தவர் சேர்ந்தார். மருதானைப் பள்ளிவாசல் வளவில் 1892 ஆகஸ்ட் 22 அன்று உராபி பாஷாவின் முன்னிலையில் அல்மத்ரசதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா திறக்கப்பட்டது. இம்முறை இடத்தைக் கவனியுங்கள். பாடசாலை பள்ளிவாசலுக்கு அருகிலேயே வந்துவிட்டது. பிள்ளை எங்கே போகிறான் என்று அஞ்சிய பெற்றோருக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. குர்ஆனும் அரபும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வளவில்.

அதே ஆண்டில் 'ஞானதீபம்' என்ற இதழையும் தொடங்கினார். 54 வயதிலும் அச்சுக்கூடத்தை விடவில்லை. 1897இல் 'அஸ்ராருல் ஆலம்' என்ற மெய்ஞ்ஞான நூல் வெளிவந்தது. 1898 பெப்ரவரி 5 அன்று அவர் வபாத்தானார். வயது அறுபதுகூட நிறையவில்லை, பாடசாலைக்கோ ஆறு வயதும் ஆகவில்லை.

அது ஸாஹிராக் கல்லூரி என்று பெயர் பெற்றது 1913இல். டி. பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றது 1921இல். இரண்டையும் காணும் வாய்ப்பு சித்தி லெப்பைக்குக் கிடைக்கவில்லை. அவரைவிட மூத்தவரான வாப்பிச்சி மரிக்காருக்குக் கிடைத்தது. அவர் 1925 வரை வாழ்ந்தார்.