மைசூரா? கல்கத்தாவா?

போன வாரம் காட்டுப்பாக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் பிளஸ்-2 தேறிவிட்டாள். இரண்டு பல்கலைக்கழகங்களில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஐதராபாத்தில். மற்றொன்று டெல்லியில்.

ஐதராபாத் என்றால் ஓர் இரவு ரெயில் பயணம். டெல்லி என்றால் ஒன்றரை நாள். சாப்பாடு, பாஷை, குளிர் என்று பாட்டி ஒரு பக்கம் கணக்குப் போடுகிறார். விடுதிச் செலவு, ரெயில் கட்டணம் என்று அப்பா இன்னொரு பக்கம் கணக்குப் போடுகிறார். பெண் மட்டும் வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பும்போது எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். காட்டுப்பாக்கத்தில் இருந்து பூந்தமல்லிக்குப் போய் பஸ் பிடித்தால், திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குப் போய்விடலாம். அந்தத் திருத்தணியில் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தவர் அவர். இதே சிக்கல் அவருக்கும் வந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

அவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஓசியில் வந்த புத்தகம்

ராதாகிருஷ்ணனின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வசதி இல்லாத குடும்பம். திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று ஊர் மாறி மாறிப் படித்தார். உதவித்தொகைதான் அவரைக் காப்பாற்றியது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தபோது, உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம்! அதனால் தத்துவமே அவருக்குப் பாடம் ஆயிற்று என்று சொல்வார்கள்.

1909-ம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். பிறகு ராஜமுந்திரிக்கு மாற்றினார்கள். 1918-ல் மைசூர் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்தை சர்வகலாசாலை என்பார்கள். மைசூர் சர்வகலாசாலை தொடங்கி அப்போது 2 ஆண்டுதான் ஆகியிருந்தது.

மைசூர் அவருக்குப் பிடித்துப்போனது. நல்ல ஊர். பிறந்த ஊரும் எட்டாத தூரம் அல்ல. மாணவர்கள் அவரிடம் உயிரையே வைத்திருந்தார்கள். வீட்டில் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று எவரும் நினைக்கக்கூடிய நிலை.

வங்காளத்தில் இருந்து அழைப்பு

அந்த நேரத்தில்தான் கல்கத்தாவில் இருந்து அழைப்பு வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றியது. அதைப் பெரிதாக வளர்த்தவர் சர் அசுதோஷ் முகர்ஜி. ஆள் எந்த மாகாணத்தவர் என்று அவர் பார்ப்பதில்லை. திறமை எங்கே இருந்தாலும் தேடிப் பிடிப்பார். நம்முடைய சி.வி.ராமனை 1917-ல் பேராசிரியர் ஆக்கியவரும் அவர்தான்.

அவர் கொடுக்க முன்வந்தது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் அமைந்த தத்துவப் பேராசிரியர் பதவி. இந்தியாவில் ஒரு தத்துவ ஆசிரியர் எட்டக்கூடிய பெரிய நாற்காலி அது. ஆனால் மைசூருக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே 2 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பாஷை வேறு, பழக்கம் வேறு. படிப்பாளிகள் நிறைந்த வங்காளத்தில், தென்னாட்டில் இருந்து போகிற 32 வயது இளைஞரை எடுத்த எடுப்பில் யார் ஏற்றுக்கொள்வார்கள்? மைசூரில் அவர் ராஜா. கல்கத்தாவில் புது ஆள்.

1921-ம் ஆண்டு, கல்கத்தாவுக்கே போவது என்று முடிவு செய்தார்.

அவர் புறப்பட்ட நாளில் மைசூர் மாணவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அவருக்காக வந்த சாரட்டில் இருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். வண்டியைப் பூவால் அலங்கரித்து, தாங்களே ரெயில் நிலையம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவில் அந்த நாற்காலியில் அதுவரை இருந்தவர் பிரஜேந்திரநாத் சீல் என்ற வங்காளி. அவர் எங்கே போனார் தெரியுமா? அதே ஆண்டு மைசூருக்குத் துணைவேந்தராக வந்து சேர்ந்தார். தென்னாட்டுக்காரர் வடக்கே போனார்; வங்காளி தெற்கே வந்தார்!

கல்கத்தாவில் எல்லாம் பூமாலையாக இருக்கவில்லை. தம்முடைய ஆராய்ச்சியில் இருந்து பல பகுதிகளை எடுத்துக்கொண்டுவிட்டதாக ஜதுநாத் சின்ஹா என்ற வங்காள அறிஞர் 1929-ல் அவர் மீது வழக்குப் போட்டார். அவரும் எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் சமரசத்தில் முடிந்தது. மைசூரிலேயே இருந்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராது. ஆனால் இந்தியத் தத்துவத்தைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய நூல்களும் (1923, 1927) கல்கத்தாவில் இருந்த காலத்தில்தான் வெளிவந்தன. 1926-ல் தன் பிரதிநிதியாக அவரை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது கல்கத்தா பல்கலைக்கழகமே. அங்கே அவர் பேசிய பேச்சுதான் உலகத்துக்கு அவரைக் காட்டிக் கொடுத்தது. 1936-ல் ஆக்ஸ்போர்டு அவரைப் பேராசிரியராக அமர்த்தியது.

இரவு ரெயிலில் துணைவேந்தர்

1939-ல் இரண்டாவது சிக்கல். காசி இந்து பல்கலைக்கழகத்தை நிறுவிய மாளவியாவுக்கு வயதாகிவிட்டது. துணைவேந்தர் பொறுப்பை ராதாகிருஷ்ணன் ஏற்கவேண்டும் என்று விரும்பினார். கல்கத்தா வேலையை எப்படி விடுவது?

இந்த முறை அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார்! வாரத்தில் கல்கத்தாவில் வகுப்பு. வாரக் கடைசியில் ரெயில் ஏறிக் காசிக்குப் போய்ப் பல்கலைக்கழக நிர்வாகம். ஏறத்தாழ 680 கிலோமீட்டர் தூரம். காசியில் அவர் சம்பளம் வாங்கவில்லை. இது எத்தனை நாள் நடக்கும்? 2 ஆண்டு தாக்குப் பிடித்தார். 1941-ல் கல்கத்தாவை விட்டுவிட்டு, காசியோடு நின்றுகொண்டார்.

மறு ஆண்டே காசிக்குச் சோதனை வந்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் மாணவர்கள் குதித்தார்கள். கோபம் கொண்ட மாகாண கவர்னர், கல்லூரிக் கட்டிடங்களை யுத்த ஆஸ்பத்திரி ஆக்கிவிடப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் டெல்லிக்கு ஓடினார். வைசிராயைச் சந்தித்து வாதாடினார். பல்கலைக்கழகம் பிழைத்தது. வாரம் ஒரு முறை வந்துபோகிறவராகவே இருந்திருந்தால், அந்த நெருக்கடியில் என்ன செய்திருக்க முடியும்?

1962-ல் ஜனாதிபதி ஆன கதை எல்லோருக்கும் தெரியும். 1967-ல் பதவி முடிந்ததும் சென்னைக்குத் திரும்பினார். மயிலாப்பூரில் வசித்தார். 1975 ஏப்ரல் 17-ந் தேதி காலமானார்.

காட்டுப்பாக்கத்துப் பெண்ணிடம் இதையெல்லாம் நேற்று டெலிபோனில் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். கல்கத்தாவில் அவர் குழந்தைகள் எந்தப் பாஷையில் படித்தார்கள் என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் கட்ட வெள்ளிக்கிழமை வரை தவணை இருக்கிறதாம்.