போப்பையரும் இலக்கணக் கல்வியும்

சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அந்த ஜில்லாவிற் பணியாற்றி, தமிழிலக்கணத்தை முதலிற் பயில்வார்க்கு எளிதாக்கிய பெரியார் டாக்டர் ஜி. யு. போப்பையர் ஆவர். 1820-இல் பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்த இவர், 1839-இல் சென்னையடைந்து, இராமாநுச கவிராயரிடம் தமிழ் பயின்றார். பின்னர்ச் சாயர்புரத்திற் கல்விச்சாலை நடத்தினார். ஆசிரியராக அவர் கண்டிப்பு மிக்கவர்.

அயன்மொழி பயில்வார்க்குச் சொற்களினும் இடர்தருவது அவை நிற்கும் முறையே. இராமன் பழம் தின்றான் என நாம் வினையை இறுதியில் வைப்போம்; ஆங்கிலேயரோ அதனை நடுவில் வைப்பர். தின்றான் என்னும் ஒரு சொல்லே காலம், இடம், பால், எண் யாவும் காட்டுவதும் அவர்க்குப் புதுமையே. இத்தடைகளைத் தாமே கடந்த போப்பையர், ஐரோப்பியர் பொருட்டு 1855-இல் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலில், விதிகளைப் படிப்படியாக வகுத்துப் பயிற்சிகளும் சேர்த்தார். நம் மாணவர்க்கோ வினாவிடையாக இலக்கணம் இயற்றினார்.

திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலமாக்கி வெளியிட்ட பெருமான், 1908-இல் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அம்மேன்மாடத்திற்கு அவர் ஏறியது எழுத்தும் சொல்லுமாகிய படிகளாலன்றோ? அயலார் ஒருவர் ஆர்வத்தோடு ஏறிய படியில், தமிழராய்ப் பிறந்த நாம் கால்வைக்க அஞ்சுதல் தகுமோ?