திருகாணிக்கு முறை வகுத்த ஹென்றி மாட்ஸ்லே

முகவுரை

அரசர், படைத்தலைவர், புலவர், அருளாளர் ஆகியோரின் வரலாறுகளை ஆர்வத்தோடு கற்கும் நாம், கைத்தொழிலாளர் ஒருவரின் வரலாற்றைக் கற்பது அரிது. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது இரும்பைக் காய்ச்சியும் கடைந்தும் வாழ்ந்த ஒருவரின் வரலாறாகும். அவர் பெயர் ஹென்றி மாட்ஸ்லே. அவர் மறைந்து நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயின. எனினும் உலகில் எங்கேனும் ஓர் ஆணி ஒரு மரையிற் பொருந்தி இறுகும் பொழுதெல்லாம் அவருடைய உழைப்பின் பயன் தோன்றாமலிராது.

அவர்தம் பெருமையை உணர்தற்கு ஒரு சிறு பட்டறைக்குள் எம்முடன் வருமாறு நேயர்களை வேண்டுகின்றோம். இல்லத்தின் ஒரு மூலையிற் பட்டறை அமைத்து, ஓய்வு நேரங்களில் நீராவி எந்திர மாதிரிகளைச் செய்து மகிழும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. அத்தகையார் ஒருவர் தம் கடைசல் எந்திரத்தில் ஒரு பித்தளைத் துண்டை உருளையாகக் கடைந்து முடித்தார் எனக் கொள்வோம். துண்டைப் பற்றியிருப்பது, மூன்று தாடைகள் ஒருங்கே நெருங்கி இறுக்கும் சக்கு என்னும் கவ்வியாகும். இனி, அத்துண்டின் புறத்தே ஆறு பட்டைகளை ஒத்த அளவிற் செதுக்குதல் வேண்டும். அதற்கு உதவுவது சுழல்மேடை. கைப்பிடியை 90 முறை சுற்றினால் ஒரு முழுச்சுற்றுச் சுழலுமாறு அமைந்த மேடையில், ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையே கைப்பிடியை 15 முறை சுற்றினால் 60 பாகை திரும்பும். ஆறு பட்டைகளும் பிழையின்றி அமையும்.

ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. துண்டைச் சக்கினின்றும் கழற்றி மேடைமீது வைப்பின், முன்னர்க் கடைந்தபோது இருந்த மையம் பிறழ்ந்துவிடும். ஆகவே துண்டைக் கழற்றாமல், அதைப் பற்றிய சக்கினையே எந்திரத்தினின்றும் கழற்றி மேடைமீது ஏற்றுதல் நன்று. சக்கின் பின்புறத்தில் இருப்பதோ திருகுபுரி. மேடையின்மேல் இருப்பனவோ ஆணித்தலை நுழையும் பள்ளங்கள். ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரண்டனையும் இணைத்தற்கு, அடாப்டர் என வழங்கும் ஓர் இடைத்தட்டு வேண்டும். அதனை அவர் தம் சிறு பட்டறையில் தாமே செய்துகொள்ளல் கூடுமோ எனின், கூடும். அஃது எவ்வாறு கூடிற்று என்பதற்கு விடையாக அமைந்ததே மாட்ஸ்லேயின் வாழ்க்கை.

பிறப்பும் இளமையும்

ஹென்றி மாட்ஸ்லே 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள உல்விச்சு என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் வண்டிச்சக்கரம் செய்யும் தொழிலறிந்தவர். படையிற் சேர்ந்து காயமுற்றபின், அவ்வூரிலிருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையிற் பண்டகக் காவலராய் அமர்ந்தார். எழுவர் மக்களுள் ஹென்றி ஐந்தாமவர். 1780-இல் தந்தையார் இறந்தார். குடும்பத்தின் வறுமை காரணமாக, பன்னிரண்டாம் வயதிலேயே ஹென்றி அச்சாலையிற் புகுந்து, வெடிமருந்தைத் தோட்டாக்களில் அடைக்கும் வேலையை மேற்கொண்டார். பின்னர் அவரைத் தச்சுப் பட்டறையில் அமர்த்தினர். ஆயினும் அவருடைய உள்ளம் மரத்திற் செல்லவில்லை. அடுத்திருந்த கொல்லுலையிலேயே சென்றது. பதினைந்தாம் வயதில் அவர் அங்கே மாற்றப்பெற்றார். அரத்தைக் கையாள்வதில் அவருக்கு நிகரானவர் அரியர் என்னும் புகழ் சில ஆண்டுகளிலேயே பரவிற்று.

பிராமாவின் பட்டறையில்

அக்காலத்தில் இலண்டன் மாநகரில் ஜோசப் பிராமா என்பவர், 1784-இல் உரிமை பெற்ற புதுவகைப் பூட்டு ஒன்றைச் செய்து வந்தார். அப்பூட்டின் அமைப்பு மிக நுட்பமானது. ஆதலால் அதைச் செய்யும் கைவினைஞர் எளிதிற் கிடைத்திலர். மாட்ஸ்லேயைப் பற்றிக் கேள்வியுற்று அழைப்பித்த பிராமா, வந்து நின்றவர் பதினெட்டு வயது இளைஞராயிருத்தல் கண்டு தயங்கினார். முறைப்படி ஏழாண்டு தொழில் பயிலாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் ஏனைய தொழிலாளர் ஒப்புவரோ என்னும் ஐயமும் அவருக்கு எழுந்தது. அங்கே தேய்ந்து கிடந்த பழைய பிடிகருவி ஒன்றைப் புதுக்கித் தருவதாக இளைஞர் கூறி, அன்று மாலைக்குள் அதன் தாடைகளுக்கு எஃகு பொருத்தி, அராவி, துவைச்சலிட்டு முடித்தார் என்பர். அதனைக் கண்டபின் மறுப்பார் ஒருவருமிலர். நம்மிற் பலர் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் பருவத்தில் அவர் இவ்வாறு தம் கையையே சான்றிதழாகக் காட்டினார்.

பிராமா, தம் பூட்டைத் திறப்பார்க்கு 200 கினி பரிசளிப்பதாக எழுதி, அதனைத் தம் கடையின் பலகணியில் வைத்தார். 1851-இல் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் பல நாள் முயன்று திறக்கும் வரையில், அதனைத் திறந்தார் ஒருவருமிலர். அத்தகைய பூட்டுக்களை விரைவாகவும் ஒரு தன்மையாகவும் செய்தற்குரிய பொறிகளை ஆக்கியதில் மாட்ஸ்லேயின் பங்கு பெரிது. பிராமாவின் நீரழுத்தப் பொறியில் நீர் கசியாவண்ணம், அழுத்தம் மிகமிகத் தானே இறுகும் தோல்வளையத்தை அமைத்தவரும் அவரே என்பர். அவர் தலைமைத் தொழிலாளராகவும் உயர்ந்தார். பிராமாவின் இல்லத்திற் பணி செய்த சாராள் என்னும் நங்கையை 1791-இல் மணந்தார்.

எட்டாண்டுகள் கடந்தன. குடும்பம் பெருகிற்று, வாரக்கூலியோ முப்பது ஷில்லிங்காகவே இருந்தது. கூலியை உயர்த்துமாறு 1797-இல் மாட்ஸ்லே வேண்டினார், பிராமா மறுத்தார். மாட்ஸ்லே வெளியேறி, ஆக்ஸ்போர்டு வீதியை அடுத்த வெல்ஸ் தெருவில் ஒரு சிறிய பட்டறையைத் தாமே தொடங்கினார். சில ஷில்லிங்கைக் கொடுக்க மனமின்றிப் பிராமா இழந்தது எத்தகைய செல்வம் என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

கடைசல் எந்திரமும் திருகுபுரியும்

அந்நாள்வரை இரும்பைக் கடைவோர் பெரும்பாலும் உளியைக் கையிலேயே பிடித்து, ஒரு தாங்கியின்மேல் ஊன்றிக் கடைந்தனர். கை நடுங்கின் பொருளும் கோணும். உளியைப் பற்றி நேர்க்கோட்டில் நகரும் தாங்கியைப் பிரெஞ்சு நாட்டு வோக்கான்சன் முதலியோர் முன்னரே அமைத்ததுண்டு. திருகு வெட்டும் எந்திரத்தை ஆங்கில நாட்டு ராம்ஸ்டனும் செய்ததுண்டு. ஆகவே மாட்ஸ்லேயே அனைத்தையும் முதன்முதற் கண்டார் எனக் கூறல் பொருந்தாது. நகரும் தாங்கி, நெடிய வழித்திருகு, மாற்றத்தக்க பற்சக்கரங்கள் என்னும் மூன்றையும் திண்ணிய இரும்புச் சட்டத்தில் ஒருங்கிணைத்துப் பட்டறைகளின் அன்றாட வேலைக்கு உதவச் செய்தமையே அவர் பெருமை. 1800-ஆம் ஆண்டை ஒட்டி அவர் ஆக்கிய அவ்வெந்திரம் இலண்டன் அறிவியற் காட்சிசாலையின் உடைமையாகப் போற்றப்படுகின்றது.

அதன் இயக்கம் விளங்கிக்கொள்ளுதற்கு எளியது. கடையப்படும் பொருள் சுழலும்போதே, பற்சக்கரங்களின் வாயிலாக வழித்திருகும் சுழலும்; அது சுழலச் சுழல உளி ஒரு சீராக நகரும்; அதனாற் பொருளின்மேல் ஒத்த இடைவெளியுடைய புரி வெட்டுப்படும். சக்கரங்களை மாற்றினால் புரியின் நெருக்கமும் மாறும். எடுத்துக்காட்டாக, வழித்திருகில் அங்குலத்திற்கு 8 புரிகள் இருக்க, 12 புரிகள் வெட்ட வேண்டுமாயின், பொருள் மூன்று முறை சுழலும்போது வழித்திருகு இரண்டு முறை சுழலுதல் வேண்டும். பொருளைச் சுழற்றும் அச்சில் 40 பற்களையுடைய சக்கரத்தையும், வழித்திருகில் 60 பற்களையுடைய சக்கரத்தையும் பூட்டினால் அக்கணக்கு நிறைவேறும்.

இதற்கு முன்னர் நிலை யாது? ஓர் ஆணிக்கும் அதன் மரைக்கும் உள்ள உறவு அவ்விரண்டனுக்கு மட்டுமே உரியது. ஒரு பட்டறையின் ஆணி மற்றொன்றன் மரைக்குப் பொருந்தாது. ஒரே பட்டறையிலும் பொருந்துமென்னும் உறுதியில்லை. எந்திரத்தைப் பிரிப்போர் ஒவ்வோர் ஆணிக்கும் அதன் மரைக்கும் அடையாளமிட்டு வைத்தல் வேண்டும். ஒன்று தவறினால் மற்றது பயனற்றதாகும். மாட்ஸ்லே தம் பட்டறையில் இன்ன பருமனுக்கு இத்துணைப் புரி என வரையறுத்து, அதற்குரிய வெட்டுக்கருவிகளையும் செய்து வைத்தார். மிகுந்த சமன்பாடுடைய தளத்தகடுகளைத் தொழிலாளர் மேசைதோறும் அமைத்தார். அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்கையும் காட்டும் நுண்ணளவி ஒன்றைச் செய்து, பட்டறையில் எழும் அளவு வழக்குகளை அதன் முன் வைத்துத் தீர்த்தார். மேல்முறையீடற்ற நீதிபதி அதுவே என்னும் கருத்தில், அதற்கு இங்கிலாந்தின் உயர் நீதித்தலைவரின் பட்டத்தையே பெயராக இட்டனர்.

கப்பற் கப்பிகளும் பிற பணிகளும்

பாய்மரக் கப்பல்களின் கயிறுகளை இழுத்தற்குக் கப்பிகள் எண்ணிறந்தன வேண்டியிருந்தன. அவற்றைப் பொறிகளாற் செய்யும் திட்டத்தை வகுத்த மார்க்கு புருனேல் என்பவர், வரைபடங்களோடு மாட்ஸ்லேயிடம் வந்தார். கருதிய பொருள் இன்னதென அவர் வெளியிடாதிருக்கவும், படங்களைக் கண்ட அளவிலேயே மாட்ஸ்லே அதனை உய்த்துணர்ந்தார் என்று கூறுவர். 1802-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட பொறிகளை அவர் ஆக்கி முடித்தார். போர்ட்ஸ்மத்துத் துறைமுகத்தில் அவை 1808-இல் 1,30,000 கப்பிகளைச் செய்தன. முன்னர் 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். ஏனைய நூற்றுவர் நிலை யாதாயிற்று என்னும் எண்ணம் நம் உள்ளத்தை உறுத்தாமற் போகாது. பொறியின் நன்மையைப் போற்றும் எவரும் இவ்வினாவை மறத்தல் தகாது என்பது எம் கருத்து.

1810-இல் அவர் தம் தொழிற்சாலையை லாம்பெத்து என்னும் பகுதிக்கு மாற்றினார். ஆங்கே கப்பல்களுக்குரிய நீராவி எந்திரங்கள் ஆக்கப்பட்டன. தேம்ஸ் ஆற்றின் அடியிற் சுரங்கம் தோண்டப் புருனேலுக்குக் காப்பாக நின்ற இரும்புக் கேடயமும் ஆக்கப்பட்டது. 1831-ஆம் ஆண்டு, பிரான்சிலிருந்து திரும்புகையிற் குளிரால் நோயுற்று, பெப்ரவரி 14-ஆம் நாள் அவர் காலமானார். பிறந்த ஊராகிய உல்விச்சிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

மாணாக்கர் பரம்பரை

அவர் தொழிற்சாலை அந்நூற்றாண்டின் இறுதியில் நலிந்து மறைந்தது. ஆயினும் அவர்பாற் பயின்றோர் அவர் கல்வியை உலகெங்கும் பரப்பினர். ரிச்சர்டு ராபர்ட்ஸ், ஜோசப் கிளமென்டு, நீராவிச் சம்மட்டியாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் நாஸ்மித்து, ஜோசப் விட்வொர்த்து ஆகியோர் அவர்களுட் சிலர். விட்வொர்த்து பல பட்டறைகளிலிருந்தும் திருகாணிகளைத் திரட்டி, அவற்றை ஒப்பிட்டு, 1841-இல் நாடு முழுமைக்கும் உரிய புரி அளவுகளை வெளியிட்டார். புரியின் கோணம் 55 பாகை என வரையறுத்தார். ஒரு பட்டறையில் ஆசிரியர் வகுத்த முறையை நாட்டின் முறையாக்கியவர் மாணாக்கரே.

இடைத்தட்டின் விடை

இனி, முன்னர்க் கண்ட சிறு பட்டறைக்குத் திரும்புவோம். அவருடையது 1946-இல் வெளிவந்த மைபோர்டு எம். எல். 7 என்னும் கடைசல் எந்திரமாயின், அதன் சக்குப் பொருந்தும் மூக்கின் பருமன் ஒன்றே அரைக்கால் அங்குலம். புரிகள் அங்குலத்திற்கு 12. வடிவு விட்வொர்த்தின் 55 பாகை. இது யாவரும் அறிந்த அளவு. ஆகவே தடித்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, கீழ்ப்புறத்தே சுழல்மேடையின் நடுத்துளையில் இறுகப் புகும் முளையையும், நடுவே மேடைமீது படியும் அகன்ற தட்டையும், மேற்புறத்தே எந்திர மூக்கையொத்த புரியையும் அவர் கடைகின்றார். அகன்ற தட்டில் துளைகள் இட்டு, மேடையின் பள்ளங்களில் நுழையும் ஆணிகளால் இறுக்குகின்றார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. சக்கினை மையத்தில் நிறுத்துவது புரியன்று. புரி இழுத்துப் பிடிப்பது மட்டுமே. புரியின் அடியிற் புரியில்லாது வழுவழுப்பாக விடப்பட்ட உருளைப் பகுதியும், அதனை அடுத்த தளமுமே மையத்தைக் காப்பன. ஆதலால் புரி, உருளைப் பகுதி, தளம் ஆகிய மூன்றையும் ஒரே பிடிப்பிற் கடைதல் வேண்டும், இடையிற் கழற்றலாகாது. கீழ்முளையைக் கடையத் துண்டைத் திருப்பிப் பிடிக்க நேரின், அளவுமுள்ளை வைத்துச் சுழற்றி, முள் அசையாமை கண்ட பின்னரே உளியைத் தொடுதல் வேண்டும். புரி வெட்டும்போது துண்டை வேறொரு கவ்வியிற் பிடித்து, உரிய சக்கினையே அளவுகோலாகக் கொண்டு அடிக்கடி பொருத்திப் பார்ப்பர். இறுதியில் அது தளம்வரை தடையின்றித் திருகிச் சென்று, ஆட்டமின்றி அமரும் தருணம் தொழிலாளியின் உள்ளம் குளிரும் தருணமாகும்.

அத்தருணத்தில் அவர் தனியராகத் தம் பட்டறையில் நின்றாலும், தனியர் அல்லர். அவர் உளியை நேரே நடத்தியது நகரும் தாங்கி. புரியைக் கணக்கிட்டது வழித்திருகு. எங்கோ முன்பின் அறியாத ஒருவர் செய்த சக்குடன் அவர் செய்த தட்டைப் பொருந்தச் செய்தது, இன்ன பருமனுக்கு இத்துணைப் புரி என்னும் வரையறை.

முடிவுரை

பிராமாவின் பூட்டு, பிறர் கை புகாதபடி காத்தலையே நோக்கமாக உடையது. மாட்ஸ்லேயின் திருகாணியோ, பிறர் செய்தது நம்முடையதனோடும் நாம் செய்தது பிறருடையதனோடும் பொருந்துதலை நோக்கமாக உடையது. உலகிற்குப் பூட்டும் வேண்டும். ஆயின் பொருத்தமே பெரிதும் வேண்டும். தம் திறமையைத் தம்மோடு புதைத்துவிடாமல் மாணாக்கர்க்கு வழங்கியமையால், மாட்ஸ்லேயின் தொழிற்சாலை மறைந்தும் அவர் தொழில் மறையவில்லை. தாலந்தைப் புதைத்த ஊழியக்காரனின் உவமையை அறிந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.

நாசரேத்தூரிலே தச்சுப் பட்டறையில் உழைத்த கைகளை வணங்கும் நாம், எண்ணெயும் கரியும் படிந்த கைகளை இழிவாக எண்ணுதல் தகுமோ? ஏடு கற்ற நாம், கருவி கற்றோரிடமிருந்து கற்கவேண்டுவன பல உள. பிறர்க்குப் பொருந்துமாறு நம்மை நாமே அளந்து திருத்திக்கொள்ளுதல் அவற்றுள் முதலாவது எனக் கூறி, இக்கட்டுரையை முடிக்கின்றோம்.