கெமிஸ்தம் தந்த கிறீன் வைத்தியர்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடக்கும் நிலம். வழுக்கியாறு ஒன்றொழிய ஆறெனத் தக்கது ஈண்டில்லை. கிணறே எமக்கு உயிர். அக்கிணற்றுநீரைக் கேத்திலிற் பலகாற் காய்ச்சினால் அடியில் வெண்படலம் படியும். அப்படலமும், கரையோரக் கடலில் முருகைக்கல்லாய் வளரும் பொருளும் பெரும்பான்மை ஒன்றே. கல்சியம் காபனேற்று என்பர்.

இந்நாளில் மேலைநாட்டார் பலர் தம் இல்லத்துக் கண்ணாடித் தொட்டிகளில் உவர்நீர் நிறைத்து, உயிருள்ள முருகையினங்களை வளர்க்கின்றனர். பூச்செடி வளர்ப்பது போல் எளிதன்று அது. இயற்கைக் கடல்நீரில் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. முருகை வளர வளர அதனையும் நீரின் காரத்தன்மையையும் உண்டு குறைக்கும். ஆதலின் வளர்ப்போர் சிறுகுழாயில் நீர் முகந்து, சோதனைத் திரவத்தைத் துளிதுளியாய் விட்டு, நிறம் மாறுமளவும் எண்ணுவர். நைத்திரேற்று, பொசுபேற்று என்பவற்றையும் நிறங்கண்டு அளப்பர். கண்ணுக்குத் தெளிந்த நீர் உயிர்க்கு ஏற்ற நீராய் இராமை கூடும். அதனை அறிவிப்பது இரசாயனமே. இவ்வறிவைத் தமிழன் தன் தாய்மொழியிற் பெறல் வேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உழைத்தவர் ஒருவர், நம்மவர் அல்லர், அமெரிக்கர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி மசாசூசெற்ஸ் நாட்டு வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க் நகரைப் பெருநகராக்கியவருள் தலைவரெனப் போற்றப்படும் அன்றூ கிறீன் இவர்க்குத் தமையன். தம்பியார்க்கும் அந்நகரிலேயே சீருஞ் சிறப்பும் வாய்த்திருக்கும். மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராய் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். பின் மானிப்பாயில் அமர்ந்து, 1848 முதல் நம் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்றார்க்கு அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிட்டிய காலம் அது. பயின்றவர் ஊர் நீங்கி நகர் நாடினால் ஊரார் நோயை யார் தீர்ப்பது? தாயகஞ் சென்று 1862இல் மணம் முடித்து மீண்டவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றலானார். பயின்றோர் அனைவரும் இதனை விரும்பினர் என்று கொள்வதற்கில்லை. உத்தியோக நசை எக்காலத்தும் வலிது. தமிழர் கிறித்தவராயினும் உடையாலும் உணவாலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர்பாற் பயின்று வைத்தியரானோர் அறுபதின் மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் வகுத்த முறை இது: வழங்கும் தமிழ்ச்சொல் உளதாயின் அதனையே கொள்க, இன்றேல் வடசொல்லை நாடுக, அதுவும் உதவாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைத்து எழுதுக. இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என அடுத்தடுத்து நூல்கள் வந்தன. கலைச்சொற்களையும் தொகுத்து அச்சிட்டார்.

1873இல் உடல்நலங் குன்றி அவர் தாயகம் திரும்பினார். பணி அத்துடன் நின்றதா? இல்லை. வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தினார். 1875இல் நாகர்கோயிலில் அச்சேறிய கெமிஸ்தம் அவ்வாறு வந்த பெருநூல். அப்பெயர் எம் செவிக்கு இனிதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரசாயனம் என்னும் சொல் இருக்க இஃதென்னை என வினவலாம். ஆயின் இரசாயனம் அக்காலத்து வைத்தியர் வாயிற் காயகற்பத்தையும் குறித்தது. இரும்பைப் பொன்னாக்கும் வாதத்தின் மணமும் அச்சொல்லிற் கலந்திருந்தது. நிறையும் அளவும் கொண்டு பொருளை ஆராயும் புதுக்கலைக்குப் புதுப்பெயர் இட்டது ஒருவாறு தகுதியே. அந்தம் பெற்றுத் தமிழ் நடை பயின்ற பெயராகவே அதனை ஆக்கியுள்ளார். இன்று ஈழத்து மாணாக்கர் ஒட்சிசன், கல்சியம், காபனேற்று என எழுதுவதும் அவர் காட்டிய மூன்றாம் வழியே.

அவர் அகன்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி மானிப்பாயில் நெடுநாள் நிலைக்கவில்லை. அரசாங்கத்தார் நாட்டம் ஆங்கிலத்தின்பாற் சென்றது. நூல்கள் எஞ்சின, அவற்றைப் பயில்வார் அருகினர். இவ்விழப்பினை யாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

கிறீனோ தளர்ந்திலர். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. இந்து பதார்த்தசாரம் 1884இல் வந்தது. அவ்வாண்டு மே 28ஆந் திகதி, தாம் பிறந்த வூஸ்ரரிலேயே உயிர் நீத்தார். தமக்குக் கல் நாட்டுவதாயின், தமிழர்க்கு மருத்துவத் தொண்டராய் இருந்தவர் என்பதே அதிற் பொறிக்கப்படல் வேண்டும் என்று அவர் முன்னமே கூறியிருந்தார்.